கூட்டம் நிறைந்தால் தாளம் ஏன் தெளிகிறது?

பெருநகர வாழ்க்கை ஓர் இசைக்குழுவின் பாட்டை மாற்றுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாற்றும். பல ஊர் ஆட்கள் கலப்பது, வாடகை, போட்டி என்று காரணங்கள் நிறைய. எனக்கு மிகவும் பிடித்த காரணம், அவர்கள் வாசிக்கும் அறை.

நியூயார்க்கின் பவரி தெருவில் 1973இல் திறந்தது சிபிஜிபி என்ற மதுக்கூடம். நீளமான, ஒடுங்கிய இடம். ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் போன்ற குழுக்கள் அங்கேதான் வளர்ந்தன. ரமோன்ஸின் பல பாட்டுகள் நிமிடத்துக்கு 180 தாள அடியை ஒட்டி ஓடும்.

ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பத் திரும்ப வருவதே எதிர்முழக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது 60 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895இல் ஹார்வர்டில் அளக்கத் தொடங்கினார். ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்பதுதான் அவருக்கு வந்த வேலை. பகலில் தெருச்சத்தம் விடாது; அதனால் நள்ளிரவுக்குப் பிறகு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே இதிலிருந்துதான் பிறந்தது. இப்படிச் சின்னதாகத் தெரியும் கேள்விகளுக்கும் ஆராய்ச்சி நிதி கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் கண்ட விதி எளிது: அறையின் கன அளவை மொத்த உறிஞ்சுதிறனால் (ஒலியை முழுதாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டர் பரப்புக்கு அது சமம் என்ற கணக்கு) வகுத்து 0.16ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம். 600 கன மீட்டர் அறை, காலியாக இருக்கும்போது உறிஞ்சுதிறன் 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை 1.2 விநாடி. இப்போது 150 பேரை உள்ளே விடுங்கள். ஓர் ஆள் சுமார் அரை சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவார். நேரம் 0.62 விநாடியாகச் சுருங்கிவிடும்!

180 அடி வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூன்றில் ஒரு விநாடி. அதற்குள் முந்தைய அடியின் முழக்கம் 32 டெசிபல் இறங்கிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அடுத்த அடி சுத்தமாக விழும். முழக்கம் 6 விநாடி நீளும் பெரிய தேவாலயத்தில் அதே பாட்டை வாசித்தால் அதே இடைவெளியில் 3 டெசிபல்தான் குறையும். எல்லாம் குழம்பிப்போகும். அங்கே நீட்டி இழுத்துப் பாடுவதுதான் எடுபடும்.

கூட்டம் வருமுன் ஒத்திகை பார்க்கும்போது கலங்கலாகக் கேட்டது, ஆட்கள் நிறைந்ததும் தெளிவது இதனால்தான். ஆனால் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலிகளை உடலும் துணியும் அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அரங்கு நிறைந்த பிறகும் ஒலிப்பொறியாளர் பேஸைக் குறைத்துக்கொண்டே இருப்பது அதற்காகத்தான்.