சிவப்புப் பலகை பெயர்ப் பலகை அல்ல

“ரன்வேல ஒண்ணும் வரல சார், அதான் போனேன்.”

விமான நிலையத்தில் கோட்டைத் தாண்டிய ஓட்டுநரிடமிருந்து இந்த மாதமும் இதே பதில். புல் வெட்டும் ஆட்களை ஏற்றி வந்த ஒப்பந்தக்காரர் வண்டி, முன்சக்கரங்கள் இரண்டும் ரன்வேக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் நிறுத்தக்கோட்டைத் தாண்ட நின்றது. இறங்க வந்துகொண்டிருந்த விமானத்தை டவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம், இறங்காமல் சுற்றி வரச் சொல்லி (கோ-அரவுண்ட்) மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. ஏர்சைடில், அதாவது விமானங்கள் நடமாடும் பகுதியில், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது நிற்கும் இடம். மஞ்சளில் கருப்பு என்றால் எந்தப் பக்கம் திரும்பினால் எது வரும். இரண்டும் தகவல். சிவப்பில் வெள்ளை எழுத்து தகவலே அல்ல, உத்தரவு. சென்னையில் 07-25 என்று சிவப்புப் பலகை இருந்தால், ரன்வேயின் பெயரைச் சொல்ல மட்டும் அதை வைக்கவில்லை. டவர் அனுமதி இல்லாமல் இதற்கு மேல் நகராதே என்கிறது. ரன்வே காலியாக இருந்தாலும் அப்படித்தான். நேற்று இதே நேரம் விட்டார்கள் என்றாலும் அப்படித்தான். முன்னால் போன வண்டிக்குக் கிடைத்த அனுமதி உங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது அல்ல.

“ரன்வேக்குள்ள போகலையே, கோட்டைத்தானே தாண்டினேன்” என்கிறார்கள். கோட்டைத் தாண்டினாலே அத்துமீறல்தான். தரையில் நான்கு கோடுகள் இருக்கும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்டது. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நில்லுங்கள். பெரிய ரன்வேக்களில் இந்தக் கோடு நடுக்கோட்டிலிருந்து சுமார் 90 மீட்டர் தள்ளி இருக்கும். வீணாக விட்ட இடமல்ல அது. இறக்கைக்கும், தடம் விலகும் விமானத்துக்கும், விமானம் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் ரேடியோ சிக்னல் கெடாமல் இருப்பதற்கும் அந்த இடம் வேண்டும்.

கண்ணை நம்பாதீர்கள். இறங்கும் விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பத்து விநாடியில் 700 மீட்டர் கடந்துவிடும். இரவில் நேரெதிரே வரும் அதன் விளக்கு, நகரும் விளக்காகவே தெரியாது.

டோக்கியோவின் ஹனெடா விமான நிலையத்தில் 2024 ஜனவரி 2 அன்று, சி5 நிறுத்தக்கோடு வரை வரச் சொன்ன கடலோரக் காவல்படை விமானம் ரன்வேக்குள் போய் சுமார் 40 விநாடி நின்றது. பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு முன் 2022 நவம்பரில் பெரு நாட்டின் லிமாவில், பயிற்சிக்காக ரன்வேக்குள் வந்த தீயணைப்பு வண்டி மேலெழும்பவிருந்த விமானத்தின் பாதையில் சிக்கியது. இறந்தவர்கள் வண்டியில் இருந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், ரன்வே எண்ணோடும் உங்கள் அழைப்புப் பெயரோடும். வெறும் “ஓகே சார்” போதாது. சந்தேகம் என்றால் நின்று கேளுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். நிறுத்தக்கோட்டில் சிவப்பு விளக்கு வரிசை (ஸ்டாப் பார்) எரிந்தால், அனுமதி கிடைத்த மாதிரி கேட்டிருந்தாலும் தாண்டாதீர்கள். வழி தவறி ரன்வேயிலேயே இருப்பதாகத் தெரிந்தால் முதலில் வண்டியோடு ரன்வேயை விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் பேசலாம். வண்டி அங்கேயே நின்றுபோனால் உடனே டவருக்குச் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பிறகு கூப்பிடலாம்.

சூப்பர்வைசர்களே, “எங்கப்பா இருக்க, சீக்கிரம் வா” என்று ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு போன் போடாதீர்கள். பலகையை மறைக்கும் புல்லையும் மங்கிய பெயின்டையும் பார்த்த அன்றே எழுதிக் கொடுங்கள். தெரியாமல் கோட்டைத் தாண்டியவர் தானாக வந்து சொன்னால், தயவுசெய்து முதலில் உட்காரவைத்து முழுதாகக் கேளுங்கள்.