திம்புல கடை போடுற பசங்களுக்கு லோனை விட காலண்டர் முக்கியம்

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். சின்னக் கடை, சின்ன யூனிட் நடத்துறவங்களோட கணக்கு பாக்குறதுதான் என் பொழப்பு. கொஞ்ச வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை பூட்டான் போறேன், தலைநகர் திம்புல புதுசா தொழில் ஆரம்பிச்ச பசங்களோட உக்காந்து அவங்க நோட்டைப் பாத்து கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துட்டு வரேன். நம்ம பக்கத்துலருந்து ட்ரெய்னிங் கொடுக்கறேன், மென்டார் பண்றேன்னு அங்க போறவங்க இப்போ கூடிட்டாங்க, அவங்க எல்லாரும் படிக்கணும்னுதான் இதை எழுதறேன்.

முதல்ல நாட்டைப் பத்தி கொஞ்சம். மொத்த ஜனமே 8 லட்சத்துக்குள்ளதான், மதுரை சிட்டி அளவு கூட கிடையாது. பெரிய வருமானம் ஆத்துத் தண்ணில எடுக்கற கரண்ட், அதை இந்தியாவுக்கு விக்கறாங்க, ஆனா ஒரு டேம் கட்டி முடிச்சப்புறம் அதுல எத்தனை பேருக்கு வேலை இருக்கும் சொல்லுங்க. அடுத்தது டூரிசம், அது 2020 மார்ச்ல மூடி 2022 செப்டம்பர்லதான் திறந்தாங்க. அந்த 2022லயே இளைஞர்கள் மத்தியில வேலையில்லாம இருந்தவங்க 28.6 சதவீதம். படிச்ச பசங்க கூட்டம் கூட்டமா ஆஸ்திரேலியா கிளம்பினாங்க, பெர்த்ல இன்னிக்கு ஒரு குட்டி பூட்டானே இருக்கு. ஊர்லயே இருந்து ஏதாவது பண்ணணும்னு நிக்கிற பசங்கதான் நான் பாக்குறவங்க, அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை.

லோன் விஷயம் எல்லாரும் பேசுறதுதான், சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். பேங்க் அடமானம் கேக்கும். அடமானம்னா நிலம். நிலத்தோட பட்டாவை அங்க த்ராம்னு சொல்வாங்க, நாட்டோட மேற்குலயும் நடுவுலயும் அது பெரும்பாலும் அம்மா வழியா பொண்ணுங்களுக்குப் போகும், ஆக 25 வயசுப் பையன் தொழில் பண்ணணும்னா அம்மாவோட நிலத்தைக் கேட்டு நிக்கணும். எந்த அம்மாவுக்குத்தான் பயம் இருக்காது. இதுக்காகத்தான் லோடன் ஃபவுண்டேஷன் மாதிரி ஒரு அமைப்பு அங்க பெரிய விஷயம், அடமானமும் இல்ல வட்டியும் இல்ல. அதை ஆரம்பிச்ச கர்மா புன்ட்ஷோ பிக்ஷுவா இருந்து ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சவர், 2024ல ராமன் மகசேசே விருது வாங்கினார். சின்னத் தொழிலுக்குன்னே அரசாங்கம் தனியா ஒரு பேங்க்கும் ஆரம்பிச்சுது. பணத்துக்கு வழியே இல்லன்னு சொல்ல முடியாது. பணம் கைக்கு வந்து அடுத்த பன்னெண்டு மாசம் என்ன ஆகுதுன்னு பக்கத்துல இருந்து பாக்கத்தான் ஆள் இல்ல, நான் சொல்ல வந்ததே அதுதான்.

ஒரு பொண்ணு மோமோ கடை வச்சிருந்தா, 26 வயசு. நான் போனப்போ ரெண்டு ட்யூ கட்டலன்னு பேங்க்லருந்து போன் மேல போன். "என்னால முடியல லா, கடையை மூடிட்டு பெர்த் போயிடறேன் லா"ன்னா. லா அங்க மரியாதைச் சொல்லு, இங்கிலீஷ்ல பேசினாலும் கடைசில அதை ஒட்டிக்குவாங்க. நான் போன்ல எம்பாப் திறக்கச் சொன்னேன், அங்க எல்லாரும் பணம் அனுப்பற பேங்க் ஆப் அது, ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்டை மாசம் மாசமா ஒரு சார்ட் பேப்பர்ல எழுதினோம். பத்து மாசம் நல்லா ஓடிருக்கு. ரெண்டு மாசம் மட்டும் பள்ளம். எந்த ரெண்டு மாசம்னு பாத்தா அவங்க பௌத்த காலண்டர்ல முதல் மாசமும் நாலாவது மாசமும். அந்த ரெண்டு மாசமும் நாடு முழுக்க கறி விக்கக் கூடாது. நாலாவது மாசம் புத்தரோட மாசம். சட்டம் இல்லன்னாலும் பாதிப்பேர் அப்போ கறி தொட மாட்டாங்க. இவ கடையில போர்டுல இருந்ததே பீஃப் மோமோவும் சிக்கன் மோமோவும்தான். ட்யூ மட்டும் அதே தேதி அதே தொகை.

இது அவளுக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. பொறந்ததுலருந்து தெரியும். ஆனா பிசினஸ் ப்ளான் எழுதச் சொல்லிக் கொடுத்த ட்ரெய்னிங்ல (வெளிநாட்டு டெம்ப்ளேட் அது) வருஷ வருமானத்தை பன்னெண்டால வகுத்து எழுதச் சொல்லிருக்காங்க, அவளும் எழுதிட்டா, பேங்க்கும் அதை வச்சே ட்யூ போட்டுடுச்சு. அந்த ஒரு கணக்காலதான் ஒரு நல்ல கடை மூடற நிலைமைக்கு வந்துது. கைல தொழில் இருக்கு, ருசி இருக்கு, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையற உடம்பு இருக்கு, ஆனாலும் தான் தோத்துட்டோம்னு அந்தப் பொண்ணு நம்பிட்டா, அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

அப்புறம் சீஸும் முட்டைகோசும் வச்ச மோமோவோட அடக்க விலையைப் போட்டோம், மாவு, டாட்சி (அவங்க ஊர் சீஸ்), எண்ணெய், கேஸ், எல்லாத்தையும் தராசுல நிறுத்து. பீஃபை விட அதுல ப்ளேட்டுக்கு லாபம் கொஞ்சம் கூடவே நின்னுது. குளிர்ல மாடு பால் குறைஞ்சு டாட்சி விலை ஏறும், அதுக்கும் ஒரு வரி போட்டோம். அந்த சார்ட்டை எடுத்துக்கிட்டு அவளே பேங்க் மேனேஜரைப் போய்ப் பாத்தா, அந்த ரெண்டு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டறேன்னு பேசி வாங்கிட்டு வந்தா. நான் கூடப் போகல, போகவும் கூடாது.

அதே சார்ட்ல இன்னொரு பள்ளமும் இருந்துது. செலவுப் பக்கம். பாட்டி இறந்த மாசம் அது. அங்க சடங்கு 49 நாள் நடக்கும், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தொண்ணாம் நாள்னு பூஜை, பிக்ஷுங்களுக்குச் சாப்பாடு, வர்ற ஜனத்துக்குச் சாப்பாடு, நெய் விளக்கு. சொந்தக்காரங்க செம்சோன்னு பணம் கொண்டு வந்து கொடுப்பாங்கதான், ஆனா செலவு அதைத் தாண்டும். கடைப் பணம் முழுக்க அதுல போயிருக்கு. இதை வீண் செலவுன்னு சொல்ற ட்ரெய்னரை நான் நேர்ல பாத்திருக்கேன், அவர் சொன்ன நிமிஷமே ரூம்ல இருந்த பசங்க மனசை மூடிட்டாங்க, அப்புறம் அவர் என்ன நல்லது சொன்னாலும் உள்ள போகல. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. நான் சொன்னது மூணே விஷயம், கடைக்குத் தனி அக்கவுண்ட் வை, மாசாமாசம் உனக்குன்னு ஒரு சம்பளம் எடுத்துக்கோ, அதுல ஒரு பங்கை வீட்டுக் காரியத்துக்குன்னு தனியா போட்டு வை. கடை திறக்க ஜோசியர் நாள் குறிச்சுக் கொடுக்கறதும் அப்படித்தான். நல்ல நாள் அஞ்சு வாரம் தள்ளித்தான் வருதுன்னா வாடகை அக்ரிமென்ட்டை அந்தத் தேதிலருந்து பேசுங்க. அவங்க நம்பிக்கையை மாத்தவே வேண்டாம், கணக்கை அதைச் சுத்திப் போட்டா போதும்.

இதே காரணத்தாலதான் பன்னிப் பண்ணை, மீன் பண்ணைன்னு யாராவது ஐடியா கொண்டு போனா நான் முதல்ல வீட்ல கேட்டியான்னு கேப்பேன். லாபம் எவ்வளவு வந்தாலும் உயிர் எடுக்கற தொழில்ல புள்ள இருக்கான்னா அம்மா அப்பா ராத்திரி தூங்க மாட்டாங்க, ரெண்டு வருஷத்துல அவனே விட்டுடுவான்.

பார்ட்னர்ஷிப்புக்கும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஆரம்பிப்பாங்க, ஒருத்தருக்கு விசா வந்துடும், மெஷின் யாருது, கடன் யாருதுன்னு எழுதி இருக்காது. முதல் நாளே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, ஃப்ரெண்ட்ஷிப் கெடாது.

இப்போ என் தலைல ஓடிட்டு இருக்கறது பாட்டில் பிரச்சனை. கிழக்குல ஒரு பையன் மிளகாய் ஊறுகா போடறான், அவங்க பாஷைல ஏசே, அவ்வளவு நல்லா இருக்கும். பாட்டில் இந்தியாலருந்துதான் வரணும். இந்திய ரூபாயும் அவங்க நுல்ட்ரமும் ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால எக்ஸ்சேஞ்ச் தலைவலி இல்ல, ஆனா ப்ரின்ட் பண்ணின பாட்டில்னா கம்பெனி குறைஞ்சது பத்தாயிரம் எடுக்கச் சொல்றான், இவன் ஒரு வருஷத்துக்கு விக்கறதே ரெண்டாயிரம். கடைசில உள்ள இருக்கற ஊறுகாவை விட பாட்டில் விலை கூடிப் போகுது. ஊறுகா, தேன், ஜாம்னு போடற நாலு பேரை ஒண்ணா உக்கார வச்சு ஒரே சைஸ்ல ப்ளெயின் பாட்டில், மேல ஸ்டிக்கர் அவங்கவங்க போட்டுக்கறதுன்னு பேசி முடிச்சிருக்கோம். சரக்கு நம்ம பக்கத்து எல்லை ஊர் ஜெய்காவ் வந்து, அவங்க பக்கத்து எல்லை ஊர் புன்ட்ஷோலிங் வழியா மேல ஏறணும், மழை பிடிச்சா அந்த ரோட்ல மண்ணு சரிஞ்சு லாரி நாள் கணக்கா நிக்கும், அதனால மே கடைசிக்குள்ள ஏத்தியாகணும். மூணு பேர் பணம் போட்டாச்சு. தேன் போடறவர் மட்டும் வீட்ல பூஜை முடியட்டும், அடுத்த வாரம் அனுப்பறேன்னு சொல்லிருக்கார், அதுக்கும் சேர்த்துத்தான் தேதி குறிச்சிருக்கோம்.