‘பாஸ்வேர்டை எடுக்கவில்லை’: அலுவலக நெட்வொர்க்கில் கணினி சேர மறுக்கும்போது

சேலத்தில் அலுவலகக் கணினிகளையும் சர்வர்களையும் பராமரிப்பது என் தொழில். செவ்வாய்ப்பேட்டை மண்டி, ஜவ்வரிசி ஆலை, கொலுசு மொத்த வியாபாரம், ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று எந்த அலுவலகத்திலிருந்து அழைத்தாலும் தொலைபேசியில் சொல்லப்படும் வாக்கியம் ஒன்றுதான்: “சார், புதுக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை எடுக்கவில்லை.” திரையில் இருக்கும் செய்தியை அப்படியே படித்துக் காட்டச் சொன்னால், பல நேரங்களில் அதில் பாஸ்வேர்டு பற்றிய பேச்சே இருக்காது. டொமைனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றிருக்கும். நம்பிக்கை உறவு தோற்றுவிட்டது என்றிருக்கும். உங்களுக்கு அனுமதி இல்லை என்றிருக்கும். எல்லாம் சேர்ந்து ‘பாஸ்வேர்டு’ என்று ஆகிவிடுகிறது.

அதனால் வரும் ஆபத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாதந்தோறும் 20ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்குக் காட்ட வேண்டிய அலுவலகத்தில் ஒரு கணினி சேராமல் நின்றால், பதற்றத்தில் ஏதாவது ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள். தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்துகிறார்கள். டேலி கோப்புகள் இருக்கும் போல்டருக்கு ‘எல்லோருக்கும் முழு அனுமதி’ கொடுக்கிறார்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கணினி சேர்ந்துவிடும், வேலையும் நடந்துவிடும். திறந்துவிட்டதை யாரும் திரும்ப மூடுவதில்லை. உண்மையான காரணமோ பெரும்பாலும் கடிகாரத்திலோ, ஒரு முகவரியிலோ, பெயரிலோ இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்திருந்தால் எதையுமே திறக்க வேண்டியிருந்திருக்காது.

முதலில், உங்கள் அலுவலக நெட்வொர்க் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒர்க்குரூப் என்றால் ஒவ்வொரு கணினியும் தன் பயனர்களின் பட்டியலைத் தானே வைத்திருக்கும். டொமைன் என்றால் எல்லோருடைய பெயரும் கடவுச்சொல்லும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில் இருக்கும். நான்கைந்து கணினிகள் மட்டும் உள்ள கடைக்கு டொமைன் தேவையில்லை என்பது என் கருத்து; அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் வைத்திருப்பது இல்லாததைவிட மோசம். இன்னொன்று, கடையில் வாங்கும் பல மடிக்கணினிகளில் விண்டோஸ் ஹோம் பதிப்புதான் இருக்கும். அதை டொமைனில் சேர்க்கவே முடியாது. விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே புரொஃபஷனல் பதிப்பா என்று கேளுங்கள்.

ஒர்க்குரூப்பில் வரும் சிக்கல்களில் முதலிடம் பின் எண்ணுக்கு. காலையில் நான்கு இலக்க எண்ணைத் தட்டி உள்ளே போகிறவர், சர்வர் போல்டர் கேட்கும்போதும் அதையே தட்டுகிறார். அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. அங்கே கேட்கப்படுவது, கோப்புகள் இருக்கும் கணினியில் உங்களுக்காக உருவாக்கப்பட்ட கணக்கின் கடவுச்சொல். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கணக்கில் நுழைபவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். கோப்புகள் உள்ள கணினியில் ஆளுக்கொரு உள்ளூர்க் கணக்கு உருவாக்கிக் கொடுப்பதே தெளிவான வழி.

கடவுச்சொல்லே இல்லாத கணக்குகளும் உண்டு. ‘நம் கடைதானே, எதற்கு’ என்று காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் நேரே உட்கார்ந்து நுழையலாம். நெட்வொர்க் வழியே நுழைய விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. அது நம் பாதுகாப்புக்காகவே உள்ள தடை. அந்தத் தடையைத் தளர்த்தும் வழி இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காகத் தளர்த்தாதீர்கள். ஒரு கடவுச்சொல் வைத்தால் முடிந்தது.

2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு புதிதாக ஒரு வகை அழைப்பு வரத் தொடங்கியது. பழைய கணினிகள் எல்லாம் கோப்புகளைப் பொதுவில் வைத்துப் பகிரும் அலுவலகச் சேமிப்புப் பெட்டிக்குள் (நாஸ்) போகின்றன, புதியது மட்டும் போக மறுக்கிறது என்பார்கள். அந்தப் பதிப்பின் புரொஃபஷனல் வகை, பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்காது. எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை; அதில் மின்னணு முறையில் கையொப்பமிட்ட தொடர்பைத்தான் கேட்கும். பழைய சேமிப்புப் பெட்டி அதற்கு ஈடுகொடுக்காது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட்டு எஸ்எம்பியின் முதல் பதிப்பை மீண்டும் இயக்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீம்பொருள் பரவியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் இறுதியிலேயே விண்டோஸ் 10 புதிய நிறுவல்களில் அதைச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நம் ஊரில் இன்னும் அதைத் தேடிப் பிடித்து இயக்குகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி டொமைன். இங்கே நான் முதலில் பார்ப்பது டிஎன்எஸ், அதாவது ஒரு பெயரைக் கேட்டால் அதன் நெட்வொர்க் முகவரியைச் சொல்லும் சேவை. வேறு எதையும் அதற்கு முன் தொடுவதில்லை. சேர வரும் கணினி, ‘இந்த டொமைனின் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது?’ என்று டிஎன்எஸ்ஸிடம் ஒரு குறிப்பிட்ட பதிவைக் கேட்கிறது. எஸ்ஆர்வி எனப்படும் அந்தப் பதிவு அலுவலகச் சர்வரில் மட்டுமே இருக்கும். ஆனால் இணைய இணைப்புக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன ரவுட்டர், எல்லாக் கணினிகளுக்கும் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையோ 8.8.8.8 என்ற கூகுள் முகவரியையோ கொடுத்துக்கொண்டிருக்கும். கூகுளுக்கு உங்கள் அலுவலகச் சர்வரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இணையம் வேலை செய்யும், சர்வரின் ஐபி முகவரிக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் பதிலும் வரும், டொமைன் மட்டும் ‘இல்லை’ என்று வரும். இதில்தான் பலர் குழம்பிக் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்குகிறார்கள்.

கணினியின் முதன்மை டிஎன்எஸ் முகவரியாக அலுவலகச் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவது முகவரியாக 8.8.8.8 கொடுப்பது இங்கே மிகப் பரவலான பழக்கம். அதைத் தவிருங்கள். சர்வர் ஒரு கணம் பதில் தராமல் போனால் விண்டோஸ் இரண்டாவது முகவரிக்குத் தாவும். தாவினால் உடனே திரும்பாது. ‘காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை’ என்ற புகார்கள் பல இதனால் வருபவை. வெளி இணையத்துக்கான கேள்விகளைச் சர்வரே வெளியே அனுப்பிப் பதில் பெற்றுத் தரும்படி அமைக்கலாம். கணினி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அந்த வைஃபை, உள்ளே இருக்கும் சர்வரைக் காட்டாதபடிதான் அமைக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது கடிகாரம். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, கணினிக்கும் சர்வருக்கும் இடையே இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுக்கும். பழைய நுழைவுச் சீட்டைத் திருடி மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்கவே அந்த வரம்பு. இதில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஏற்காட்டில் கோடை மழையின்போது இடிக்குப் பயந்து, மாலையில் அலுவலகத்தின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினியில், மின்சாரம் முழுதாக நின்ற இரவில் கடிகாரமும் நின்றுவிடும். மறுநாள் காலை அது ஏதோ ஒரு பழைய ஆண்டைக் காட்டிக்கொண்டு சர்வரிடம் போய் நிற்கும், சர்வர் ஏற்காது. சிஆர்2032 என்று கேட்டால் எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும் சிறிய பேட்டரி அது. அதை மாற்றாமல் விண்டோஸையே மறுபடி நிறுவிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட நுட்பமானது நேர மண்டலம். புதிதாக விண்டோஸ் நிறுவும்போது அது அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் நின்றுவிடுவது உண்டு. ‘மணி தப்பாக இருக்கிறதே’ என்று யாரோ மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்திவிடுவார்கள். திரையில் பத்து மணி. சுவர்க் கடிகாரத்திலும் பத்து மணி. ஆனால் கணினி உள்ளுக்குள் கணக்கிடும் உலகப் பொது நேரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போயிருக்கும். கெர்பரோஸ் பார்ப்பது அதைத்தான். எனவே மணியோடு தேதியையும், சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று காட்டும் 5.30 மண்டலத்தையும் சேர்த்துப் பாருங்கள். சர்வரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தம் கணினிகளின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைத்து வைக்கச் சொல்கிறது. சிறிய ஊர் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். நாளை ஏதாவது திருட்டு நடந்தால் எந்தக் கணினியில் எப்போது நடந்தது என்று காட்ட அந்த நேரம்தான் சாட்சி.

பெயர் பற்றிச் சுருக்கமாக. கணினியின் பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். ஒரே வட்டிலிருந்து நகலெடுத்துத் தயாரித்த கணினிகள் ஒரே பெயரோடு வரும். இரண்டாவதைச் சேர்த்ததும் முதலாவது வெளியே தள்ளப்படும். 2022 அக்டோபர் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, வேறொருவர் உருவாக்கிய கணினிக் கணக்கை அதே பெயரில் மறுபடி பயன்படுத்த முயன்றால் 2732 என்ற பிழை எண்ணோடு தடுக்கப்படலாம். அந்தத் தடையை நீக்க வழி தேடாமல், பயன்படாத பழைய கணக்கைச் சர்வரில் அழித்துவிட்டுச் சேருங்கள். சாதாரணப் பயனர் ஒருவர் இயல்பு நிலையில் 10 கணினிகளை மட்டுமே சேர்க்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பதினோராவது கணினியில் ‘அனுமதி இல்லை’ என்றால் கணினியில் குறை ஏதுமில்லை.

‘நம்பிக்கை உறவு தோற்றுவிட்டது’ என்ற செய்தியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கணினியை இரண்டு மூன்று மாதம் அணைத்து வைத்ததால் டொமைன் அதை மறந்துவிட்டது என்பார்கள். ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் தனக்கென்று ஒரு கடவுச்சொல் உண்டு; அது இரு பக்கமும் ஒத்துப்போவதுதான் இந்த ‘நம்பிக்கை உறவு’. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை அது மாறும். ஆனால் அந்த மாற்றத்தைத் தொடங்குவது கணினிதான். அணைந்திருக்கும் கணினியின் கடவுச்சொல் மாறுவதே இல்லை. எனவே அறுவடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் தூங்கும் தோட்டத்துக் கணினி எழுந்ததும் சேர்ந்துகொள்ளும். உறவு முறிவது பெரும்பாலும் கணினியைப் பழைய நிலைக்கு மீட்டெடுத்ததால், அல்லது அதே பெயரில் இன்னொன்று சேர்ந்ததால். டொமைனிலிருந்து வெளியேற்றி மறுபடி சேர்க்க அவசரப்பட வேண்டாம். உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கையில் இல்லாமல் வெளியேற்றினால் அந்தக் கணினிக்குள் யாருமே நுழைய முடியாமல் போகும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு வழக்கமான பெயரில் நுழைந்து பாருங்கள். முன்பு அதில் நுழைந்தவர் என்றால் பெரும்பாலும் உள்ளே விடும். பிறகு கேபிளைச் செருகிவிட்டு, நிர்வாக உரிமையோடு, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் அந்த உறவைப் பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் போதும்.

மலைமேல் இருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சேலத்துச் சர்வரோடு விபிஎன் (இணையத்தில் அமைக்கும் பாதுகாப்பான தனிப்பாதை) வழியாக இணையும் கணினியில், அதுவரை நுழையாத புதிய ஊழியர் முதல்முறை நுழைய முயன்றால் ‘சர்வர் இல்லை’ என்று வரும். நுழைந்த பிறகுதான் விபிஎன் ஓடும். விபிஎன் ஓடினால்தான் நுழைய முடியும். அந்தக் கணினியைச் சேலம் அலுவலகத்தில் வைத்தே அவரை ஒருமுறை நுழையச் செய்து மேலே அனுப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பயணம் மிச்சமாகும்.

தவறான கடவுச்சொல் பலமுறை வந்து ஒரு பயனரின் கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டால் உடனே யாரோ ஊடுருவுகிறார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வு, எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் வேறொரு மேசையின் கணினியோ கைபேசியோ அகப்படும். உங்களுக்குத் தெரியாத பெயர் அகப்பட்டால் பூட்டைத் திறக்காதீர்கள், முதலில் அந்தக் கணினியைத் தேடுங்கள்.

கணினிகளைச் சேர்க்கும் வேலைக்கு டொமைனின் தலைமை நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்று போதும். எல்லாக் கணினிகளுக்கும் ஒரே உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் வைத்திருந்தால், ஒரு கணினி பறிபோகும் நாளில் எல்லாமே பறிபோகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்லை உருவாக்கி அவ்வப்போது மாற்றும் வசதியை 2023 ஏப்ரல் முதல் விண்டோஸே தருகிறது. அதற்குத் தனிச் செலவு இல்லை.

முன்பே அவசரத்தில் ஏதாவது திறந்துவிட்டிருந்தால், கணக்குக் காட்டி முடித்த மறுநாள், அதாவது 21ஆம் தேதி, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் எஸ்எம்பி 1 இயங்குகிறதா, ஃபயர்வால் எந்தக் கணினியில் அணைந்திருக்கிறது, ‘எல்லோருக்கும்’ என்ற அனுமதி எந்தப் போல்டரில் இருக்கிறது, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடவுச்சொல்லை, செய்தியை அழித்தாலும் சரி அழிக்காவிட்டாலும் சரி, அன்றே மாற்றிவிடுங்கள்.