வானுடை: ஒரு சொல்லைத் தேடி

ஜேர்மனியில் இருக்கிற மருமகன் போன மாதம் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டான். குடும்பத்தோடு பால்டிக் கடற்கரைக்குப் போயிருக்கிறான். கரையில் ஓரிடத்தில் எஃப்-கா-கா என்று பலகை நட்டிருந்ததாம். அதற்கு அப்பால் வயதானவர்கள், பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள் என்று எல்லாரும் உடுப்பில்லாமல் குளிப்பதும் புத்தகம் வாசிப்பதுமாக இருந்திருக்கிறார்கள்.

"மாமா, இதுக்குத் தமிழிலை என்ன எண்டு மகள் கேக்கிறாள். அம்மணம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவையள் மரியாதையாத்தான் இருக்கினம். அந்தச் சொல்லிலை மரியாதை இல்லை."

அவன் சொன்னது சரி. உடுப்பில்லாமையைச் சொல்ல எங்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாயிலிருந்து வரும்போதே ஏச்சாகவோ கூச்சமாகவோ வருகின்றன. இரவில், வெள்ளிகளுக்குக் கீழே, வேறெந்த எண்ணமும் இல்லாமல், காற்றும் வானமும் மேலில் படும்படி இருப்பதற்கு ஒரு நல்ல சொல் எது? யாழ்ப்பாணத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம், ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பலகை. எஃப்-கா-கா என்பது ஃப்ரைக்கோர்பர்குல்டூர் என்ற நீளமான சொல்லின் சுருக்கம். கட்டில்லாத உடலின் பண்பாடு என்று பொருள். 1898 இல் எஸ்ஸன் நகரில் இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் இதையே நத்தூரிஸ்ம் என்றார்கள், ஆங்கிலத்தில் நேச்சுரிசம். 1953 இல் இவர்களுக்கு ஓர் உலகச் சம்மேளனம் உருவாகி, 1974 இல் பிரான்சின் அக்த் நகரில் கூடி ஒரு வரைவிலக்கணமும் எழுதியது. இயற்கையோடு இசைந்த வாழ்க்கை, சேர்ந்து உடையின்றி இருத்தல், தன்னையும் பிறரையும் சுற்றாடலையும் மதித்தல் என்பது அதன் சாரம். சொல்லின் வேரில் இருப்பது இயற்கை. உடுப்பைக் கழற்றுவது அதற்குள் ஒரு பங்குதான். இதை 'நிர்வாணவாதம்' என்று மொழிபெயர்த்தால் கோதை வைத்துக்கொண்டு பழத்தை எறிந்த மாதிரி ஆகிவிடும்.

சரி, எங்கள் சொற்களுக்கு வருவோம்.

அம்மணம் சமணத்திலிருந்து வந்த சொல். வடமொழியில் சிரமணர் என்றால் தவத்தில் உழைப்பவர். பிராகிருதத்தில் அது சமணர் ஆனது. தமிழுக்கு வந்து முதல் எழுத்து உதிர்ந்து அமணர் ஆனது. இப்படிச் சகரம் உதிர்வது எங்களுக்குப் புதிதல்ல. சிராவணம் என்ற மாதப் பெயர்தான் ஆவணி. சிப்பிக்கு இப்பி என்றும் ஒரு பெயர் உண்டு. அமணத் துறவிகளில் ஒரு பிரிவினர் உடுப்பில்லாமல் நடந்தார்கள். அமணரைப் போல இருப்பது அமணம், பிறகு அழுத்தம் ஏறி அம்மணம்.

சம்பந்தர் பதிகங்களில் பத்தாவது பாட்டு வழமையாகச் சமணரையும் பௌத்தத் தேரரையும் சாடும். சின்ன வயதில் நாங்கள் பண்ணோடு படித்த திருக்கோணமலைப் பதிகத்திலும் அந்தப் பத்தாவது பாட்டு உண்டு. எவரைச் சாடுகிறோம் என்று தெரியாமலே பாடினோம். 7 ஆம் நூற்றாண்டுச் சமயப் பூசலில் ஏறிய வெறுப்பு இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒரு கூட்டத்தாரின் பெயரே அவர்களுடைய தோற்றத்துக்கு ஆகி, அந்தத் தோற்றம் வெட்கத்துக்கு ஆகிவிட்டது. தவத்தில் உழைப்பவர் என்ற மூலப்பொருள் யாருக்கும் ஞாபகமில்லை. மருமகனுக்கு வாய் வராததில் ஆச்சரியமில்லை.

நிர்வாணத்தின் கதை வேறு. ஊதுதல் என்ற வினையடியிலிருந்து வந்தது. விளக்கை ஊதினால் அணைவது போல ஆசை அணைந்த நிலை. பௌத்தரும் சமணரும் வீடுபேற்றுக்குச் சொன்ன சொல் தமிழில் உடையின்மையைக் குறிக்க வந்துவிட்டது. வடமொழியில் அந்தப் பொருளுக்கு உரிய சொல் நக்னம். அது தமிழில் நக்கன் ஆகித் தேவாரத்தில் சிவனுக்கே பெயராக நிற்கிறது. ஆங்கிலத்து நேக்கட்டும் அதே வேரில் பிறந்ததுதான். கிரேக்க மொழியில் இதற்குச் சொல் கும்னோஸ். அலெக்சாந்தரோடு வந்த கிரேக்கர் தட்சசீலத்தில் கண்ட உடையற்ற துறவிகளைக் கும்னோசோபிஸ்டுகள், அதாவது உடையில்லா ஞானிகள், என்று எழுதி வைத்தார்கள். கிரேக்க இளைஞர் உடுப்பில்லாமல் உடற்பயிற்சி செய்த இடம் கும்னாசியோன். இன்றைக்கு யாழ்ப்பாணத்துப் பெடியள் பின்னேரம் போகிற 'ஜிம்' அந்தச் சொல்லின் வால்தான்.

இலங்கைக்கும் இது அந்நியமில்லை. பண்டுகாபயன் என்ற பழைய அரசன் அநுராதபுரத்தில் நிகண்டருக்கு இருப்பிடம் கட்டிக்கொடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. நிகண்டர், அதாவது நிர்க்கிரந்தர், என்றால் முடிச்சு இல்லாதவர். சமணத் துறவிகளுக்கு அதுவும் ஒரு பெயர்.

வீட்டில் புழங்கிய சொற்களில்தான் எனக்கு உண்மையான பிரியம். யாழ்ப்பாணத்தில் மேல் என்றால் உடம்பு. மேல் கழுவுகிறோம், மேலெல்லாம் நோகுது என்கிறோம். சட்டை இல்லாமல் நிற்பவர் வெறும் மேலோடு நிற்கிறார். நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் எல்லாரும் வெறும் மேலோடுதான் போகவேண்டும். அங்கே அது பக்தியின் அடையாளம். உரிஞ்சான்குண்டி என்ற சொல்லைக் குளிக்க வார்த்துவிட்டுத் துடைப்பதற்குள் முற்றத்துக்கு ஓடும் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வோம். அதைச் சொல்லும்போது எந்த அம்மம்மாவுக்கும் முகத்தில் சிரிப்பு வராமல் இருந்ததில்லை. பிறந்தமேனி என்ற சொல்லிலும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இவை எதிலும் வானம் இல்லை, இரவும் இல்லை.

வானம் இருக்கிற சொல் திகம்பரம்.

திக்கு என்றால் திசை. அம்பரம் என்றால் ஆடை. திசைகளையே ஆடையாக உடுத்தவர் திகம்பரர். சமணத்தின் ஒரு பெரும் பிரிவுக்கு இதுவே பெயர். சிவனுக்குத் திகம்பரன், காளிக்குத் திகம்பரி. அம்பரத்துக்கு வானம் என்றும் பொருள் உண்டு. சந்தேகம் இருந்தால் மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கிற திருப்பாவையின் பதினேழாம் பாட்டைக் கவனியுங்கள். "அம்பரமே தண்ணீரே சோறே" என்று தொடங்கும்போது அம்பரம் துணி. அதே பாட்டில் "அம்பரம் ஊடறுத்து ஓங்கி உலகளந்த" என்று வரும்போது அம்பரம் ஆகாயம். ஒரே பாட்டுக்குள் ஒரே சொல்லை ஆண்டாள் முதலில் துணியாக மடித்து வைத்து, பிறகு வானமாக விரித்துக் காட்டுகிறாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்றச் சொற்கள் உடுப்பு இல்லை என்கின்றன. திகம்பரம் உடுப்பு இருக்கிறது என்கிறது. அது எது என்றும் சொல்கிறது. எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ஏன் என்று சொல்ல ஓர் இரவைச் சொல்ல வேண்டும்.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஜாம் போத்தல் விளக்குத்தான். ஊர் முழுக்க இருட்டு. அந்த இருட்டில் தெரிந்த வானத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அண்ணாந்து பார்க்கப் பயமும் இருந்தது, அதே வானத்தால்தான் குண்டுபோடும் விமானங்களும் வந்தன. ஒரு வைகாசி இரவு, புழுக்கம் தாங்காமல் கிணற்றடிக்குப் போய்க் குளித்தேன். நாலு வாளி அள்ளி ஊற்றியபின் ஈரச் சாரத்தை உரிந்து பிழிந்து வேலியில் போட்டேன். மாற்றுச் சாரம் கொண்டுவர மறந்து போனேன். வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்று திரும்பியவன் ஓடவில்லை.

சோளகம் மெல்ல வீசியது. காற்று வந்த பக்கத்து முழங்கையும் தொடையும் முதலில் காய்ந்தன, முதுகின் மறுபக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. சாரத்தை இறுக்கி முடிகிற இடுப்பில் ஒரு தழும்பு மாதிரி வரி எனக்கு உண்டு. அந்த இடத்தில் காற்றுப் பட்டது அன்றைக்குத்தான். எத்தனையோ வருடமாக மூடியே கிடந்த தோல், ஒரு சின்னக் குளிரில் தான் இருப்பதைச் சொன்ன மாதிரி இருந்தது. தெற்கே பனந்தலைக்கு மேலே தென்சிலுவை நேராக நின்றது. வடக்கே ஏழு முனிவர் வெள்ளிகள். காலடியில் கிணற்றுக்கட்டுச் சீமெந்து பகல் வெயிலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது. வானம் மேலே இருக்கிறது என்ற எண்ணம் போய், என் மேலில் பட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

"ஆரது கிணத்தடியிலை?" குசினிப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல்.

"நான்தான் பெரியம்மா. குளிச்சிட்டுக் காத்து வாங்கிறன்."

"பாம்பு பூச்சி திரியும், பாத்து நில்லு."

காற்று வாங்குதல் என்பதற்கு அன்றைக்கு ஒரு முழுப்பொருள் கிடைத்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், விடிய எழுந்து அரைமணியோ ஒருமணியோ உடுப்பே இல்லாமல் அறையில் இருந்து வாசிப்பதும் எழுதுவதும் தன் வழக்கம் என்று 1768 இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் காற்றுக்குளியல்.

இந்த வரலாற்றில் எங்கள் ஊருக்கும் ஒரு தொடுப்பு உண்டு. 1891 இல் பம்பாய்க்குப் பக்கத்தில் உள்ள தானேயில், சார்ள்ஸ் குரோஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி உடையின்றி இயற்கையில் இருப்பதற்கென்று ஒரு சங்கம் வைத்தார். அறியவந்த சங்கங்களில் அதுதான் மிகப் பழையது. உறுப்பினர் மூன்றே பேர். அவர் இதைப் பற்றிக் கடிதம் எழுதியது எட்வேர்ட் கார்ப்பென்டர் என்ற எழுத்தாளருக்கு. அந்தக் கார்ப்பென்டர், மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர். அருணாசலத்தைப் பார்க்க 1890 இல் இலங்கைக்கு வந்து, அவருடைய குருவான இராமசுவாமி என்ற தஞ்சாவூர் ஞானியிடம் பல நாள் பாடம் கேட்டவர். ஐரோப்பாவில் சங்கங்கள் பெருகுவதற்கு முன்பே இப்படி ஒரு பேச்சு இந்தப் பக்கமும் நடந்திருக்கிறது.

திகம்பரத்தை ஆங்கிலேயர் அப்படியே பெயர்த்து ஸ்கைகிளாட் என்றார்கள். 20 ஆம் நூற்றாண்டின் நடுவில் விக்கா என்ற புதுச்சமயத்தார், உடையின்றிச் சடங்கு செய்வதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இரவில் வெளியே வெற்றுமேனியாக இருப்பதற்கும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். நாங்களும் பெயர்க்கலாம்: வான் உடை, வானுடை. திகம்பரம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். திகம்பரம் என்றவுடன் துறவு நினைவுக்கு வரும். ஒரு கிணற்றடியில், ஒரு குடும்பஸ்தர், ஒரு அரைமணி நேரம் காற்று வாங்குவதற்குத் துறவியின் சொல் பொருந்தாது. மேலும் உடை என்பதற்கு உடைமை என்ற நிழலும் தமிழில் உண்டு. வானுடையார் என்றால் வானத்தை உடுத்தவர் என்றும் எடுக்கலாம், வானத்தைத் தனக்கென்று உடையவர் என்றும் எடுக்கலாம். இரண்டும் எனக்குச் சம்மதம்.

இரவுக்கென்றே இன்னொரு சொல் தமிழுக்குள் கிடக்கிறது. எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் வெள்ளிக்குப் பெயர் உடு. உடுத்தொகுதி என்று படித்தோம், படம் கீறினோம். நிலவுக்கு உடுபதி என்று பழைய பெயர். அந்த உடுவை வடமொழி வழி வந்தது என்பார்கள். உடுத்தல் என்ற வினையின் அடியான உடு எங்கள் சொந்தம். இரண்டும் வெவ்வேறு வேர். தமிழில் வந்து ஒரே எழுத்தில் நிற்கின்றன. உடுவை உடுத்தல். இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு குற்றெழுத்தாக வரும் சொல் ஆகையால் புணரும்போது உகரம் கெடாது, வகரம் தோன்றும்: உடு, உடை, உடுவுடை. நிலவில்லாத இரவில், வெள்ளிகளுக்குக் கீழே, உடுப்பின்றி இருப்பது உடுவுடை.

பெண்களுக்கும் இந்தச் சொல் சேரவேண்டும் என்பது என் ஆசை. நடுச்சாமத்தில் தனியாகக் குளித்தபோதும் பெரியம்மா குறுக்குக்கட்டை அவிழ்த்ததில்லை. திகம்பரி என்று அம்மனைக் கும்பிட்ட ஊர்தான் இது. மற்றபடி இது சொந்த வளவுக்குள், வேலியும் மதிலும் இருக்கும் இடத்துக்குள் செய்கிற காரியம். மணற்காட்டு மணல்மேடும் கசூரினாக் கடற்கரையும் எவ்வளவு அழைத்தாலும் அவை பொது இடங்கள், அங்கே சட்டம் விடாது.

மருமகனுக்கு இரண்டு சொல்லையும் எழுதி அனுப்பினேன். பலகைக்கு வானுடைக் கடற்கரை. இரவில் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிறவர்களுக்கு உடுவுடை. வினையாகவும் வரும்: வானுடுத்தல், வானுடுத்தாள், வானுடுத்து நின்றார்கள். நேற்று இரவு எங்கள் பக்கம் கரண்ட் போனது. நிலவும் இல்லை. குளித்துவிட்டு, சாரத்தை வேலியில் போட்டு, அரைமணி நேரம் வானுடுத்து நின்றேன்.