5 சதவீதத் தடையும் அடேனாவரின் கணக்கும்

மேற்கு ஜெர்மனியின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1949 ஆகஸ்ட் 14 அன்று நடந்தது. மொத்தம் 402 இடங்கள். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் அதன் பவேரியச் சகோதரக் கட்சியையும் ஒன்றாக எண்ணினால், அவைக்குள் வந்தவை 10 கட்சிகள். சுயேச்சைகள் 3 பேர் தனி. அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் கொன்ராட் அடேனாவர் சான்சலராவதற்கு, அதாவது அரசின் தலைவராவதற்கு, 202 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்ததும் சரியாக 202. தன் வாக்கையும் தனக்கே போட்டுக்கொண்டார். 1961 தேர்தலுக்குப் பிறகு அவையில் இருந்தவை மூன்றே கட்சிகள். மற்றவை எங்கே போயின?

5 சதவீத வாக்கு வாங்காத கட்சிக்கு அவையில் இடமில்லை என்ற தடைதான் காரணம் என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை.

1949-ல் அந்தத் தடை மாநிலவாரியாகத்தான் இருந்தது. ஏதாவது ஒரு மாநிலத்தில் 5 சதவீதம் வாங்கினாலோ, ஒரு தொகுதியை நேரடியாக வென்றாலோ அந்த மாநிலத்தில் வாங்கிய வாக்குக்கேற்ற இடங்கள் கிடைத்துவிடும். பவேரியக் கட்சி தன் மாநிலத்தில் 20.9 சதவீதம் வாங்கியது. நாடு முழுவதற்கும் பார்த்தால் அது வெறும் 4.2 சதவீதம். ஆனாலும் 17 இடங்கள். 1953-ல் நாடு முழுவதிலும் 5 சதவீதம் வேண்டும் என்று விதி மாறியது. பவேரியாவில் மட்டுமே போட்டியிடும் கட்சி என்ன செய்யும்? அந்த முறை மாநிலத்தில் 9 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை.

சரி, ஆனால் தடையைத் தாண்ட ஒரு சந்து இருந்தது: ஒரு தொகுதியை நேரடியாக வென்றால் போதும். 1957-ல் அது மூன்றாக உயர்ந்தது. வட பகுதியில் செல்வாக்குள்ள, ‘ஜெர்மன் கட்சி’ என்றே பெயர் கொண்ட கட்சி 3.4 சதவீதமே வாங்கியும் 17 இடங்கள் பெற்றது, அடேனாவர் கட்சி சில தொகுதிகளில் ஆள் நிறுத்தாமல் விட்டுக்கொடுத்ததால். அதாவது, சின்னக் கட்சியின் உயிர் பெரிய கட்சியின் தயவில் தொங்கியது. சந்தின் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் உண்மையான விஷயம்.

அகதிகள் கட்சியின் கதை இன்னும் சுவாரசியம். கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியர்களுக்காக 1950-ல் உருவான கட்சி இது. அதே ஆண்டு ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 23.4 சதவீதம் வாங்கியது. 1953-ல் நாடு முழுவதும் 5.9 சதவீதம், 27 இடங்கள், அமைச்சரவையில் இரண்டு நாற்காலிகள். அப்புறம் நடந்ததைத் தேர்தல் விதியால் விளக்க முடியாது. சொத்திழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது. தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. அகதி என்ற அடையாளத்தை வைத்து வாக்களிக்கும் அவசரம் குறைந்தது. கட்சியின் இரண்டு அமைச்சர்களான வால்டெமார் கிராஃப்டும் தியோடர் ஓபர்லெண்டரும் 1955-ல் கட்சியைவிட்டு விலகி, அடுத்த ஆண்டு அடேனாவர் கட்சியில் சேர்ந்தார்கள். 1957-ல் கிடைத்தது 4.6 சதவீதம். தடை வேலை செய்தது உண்மைதான், ஆனால் அதற்குள் கட்சி பாதி காலியாகியிருந்தது.

கம்யூனிஸ்ட் கட்சியை 1956-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தடைசெய்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1953-ல், 2.2 சதவீதத்துக்கு இறங்கி அவையைவிட்டு வெளியேறியிருந்தது அது.

ஜெர்மன் கட்சிக்கும் அகதிகள் கட்சியின் கதிதான். 1960-ல் அதன் அமைச்சர்களும் அடேனாவர் பக்கம் போனார்கள். எஞ்சியவர்கள் அகதிகள் கட்சியோடு இணைந்து 1961-ல் போட்டியிட்டார்கள். முந்தைய தேர்தலின் வாக்குகளைக் கூட்டினால் 8 சதவீதம் வரவேண்டும். வந்தது 2.8.