எழுந்து நின்று பார்க்கும் விளம்பரம்

நியூ ஜெர்சியில் உள்ள மெட்லைஃப் மைதானத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணி அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டம் சற்று நிற்கும் நேரத்தில் பெரிய திரையில் ராணுவச் சீருடையில் ஒரு முகம் தோன்றும். 'நம்ம ஊர் நாயகன்' என்று அறிவிப்பாளர் பெயரைச் சொல்வார். அந்த வீரர் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நண்பர்கள் இருப்பார்கள். மைதானமே எழுந்து கைதட்டும். நம் அணிக்கு ராணுவத்தின்மீது எவ்வளவு மரியாதை என்று ரசிகர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

அந்த நெகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு ரசீது இருந்தது என்பது 2015-இல் வெளியே வந்தது. பாதுகாப்புத் துறையும் நியூ ஜெர்சியின் தேசியக் காவல் படையும் (மாநில வாரியாக இயங்கும் ராணுவ ரிசர்வ் படை) 2011 முதல் 2014 வரை ஜெட்ஸ் அணிக்கு 3,77,000 டாலர் கொடுத்திருந்தன. அந்தப் பணத்துக்கு ஈடாக அணி செய்துதர வேண்டியவற்றில் இந்தத் திரை வணக்கமும் ஒன்று.

அரிசோனாவின் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃப்ளேக்கும் விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். மெக்கெய்ன் கடற்படை விமானி. வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் போர்க்கைதியாகக் கிடந்தவர். அவரை ராணுவ விரோதி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2015 நவம்பரில் வந்த அவர்களுடைய அறிக்கை இதற்கு 'கூலி தேசபக்தி' என்றே பெயர் வைத்தது. 2012 முதல் விளையாட்டு அணிகளோடு செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களுக்கு ராணுவம் செலவிட்டது மொத்தம் 5.3 கோடி டாலர். அதில் இப்படிப்பட்ட மரியாதை நிகழ்ச்சிகள் அடங்கிய ஒப்பந்தங்களுக்குப் போனது 68 லட்சம். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் ஒப்பந்தத்தில், மைதானம் முழுக்க விரியும் தேசியக் கொடியை 80 காவல் படையினர் பிடித்துக்கொண்டு நிற்பதும் இருந்தது. மில்வாக்கி புரூவர்ஸ் பேஸ்பால் அணிக்கு விஸ்கான்சின் காவல் படை 49,000 டாலர் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் பாடப்படும் ஒரு தேசபக்திப் பாட்டுக்குப் புரவலராக இருப்பதற்கு.

நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட்டின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று எழுதிக் கொடுத்தவர் பெயரைப் போடுவார்கள். எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. அமெரிக்க மைதானங்களில் அந்த உபயம்தான் காணாமல் போயிருந்தது.

ராணுவம் ஏன் இதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? 1973-இல் அமெரிக்கா கட்டாய ராணுவ சேவையைக் கைவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் இளைஞர்கள் தாமாக முன்வந்து கையெழுத்திட்டாக வேண்டும். ராணுவமும் சந்தையில் ஆள் தேடும் ஒரு நிறுவனமாகிவிட்டது. இராக் போர் உச்சத்தில் இருந்தபோது ஆள்சேர்ப்பு இலக்கையே எட்ட முடியாமல் திணறியது. பதினெட்டு வயதுப் பையன்களும், அவர்கள் சேரலாமா கூடாதா என்று முடிவில் வாய் திறக்கப்போகும் அப்பாக்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது விளையாட்டு மைதானத்தில்தான்.

அதற்கு ஒரு விளம்பரப் பலகை போதுமே, வணக்கம் எதற்கு என்று கேட்கலாம். விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மரியன் ஃபிரீஸ்டாட், பீட்டர் ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். நம்மை யாரோ ஏதோ ஒன்றுக்குச் சம்மதிக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த கணத்தில் மனம் தற்காப்பு நிலைக்குப் போய்விடுகிறது. சந்தேகப்படுகிறோம், எதிர்வாதம் தேடுகிறோம், சேனலை மாற்றுகிறோம். சோப்பு விளம்பரத்துக்கு எதிராக நாம் ஆண்டுக்கணக்கில் வளர்த்துக்கொண்ட தோல் அது. நன்றி செலுத்தும் சடங்குக்கு முன்னால் அந்தத் தோல் நமக்குக் கிடையாது. அணிந்துகொள்ள நினைத்தால்கூட முடியாது; எண்பதாயிரம் பேர் எழுந்து நிற்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பார்?

எழுந்து நிற்பதும் சும்மா போவதில்லை. கூட்டமாக ஒரே காரியத்தைச் செய்யும்போது மனிதர்களுக்குள் பொங்கும் கிளர்ச்சியைப் பற்றிச் சமூகவியலாளர் எமில் துர்க்கேம் 1912-லேயே எழுதியிருக்கிறார். அந்தக் கிளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்தில் இருப்பவருக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் கொடியிலிருந்தோ சின்னத்திலிருந்தோ வருவதாக நினைத்துக்கொள்கிறார் என்பது துர்க்கேமின் கருத்து. ஸ்டான்ஃபோர்டில் வில்டர்முத்தும் ஹீத்தும் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒன்றாகக் காலடி வைத்து நடந்தவர்களும் சேர்ந்து பாடியவர்களும் அடுத்து வந்த பண விளையாட்டில் ஒருவரோடு ஒருவர் கூடுதலாக ஒத்துழைத்தார்கள். மைதானத்தில் இவை எல்லாமே கூடி இருக்கின்றன: சேர்ந்து பாடும் தேசிய கீதம், ஒரே நேரத்தில் எழும் கைதட்டல், சொந்த அணி ஜெயிக்குமா என்ற படபடப்பு. இந்தச் சூட்டில் சீருடையைத் திரும்பத் திரும்பக் காட்டினால், சூடு சீருடையில் ஒட்டிக்கொள்கிறது.

நேரம் பிசகினால் இவ்வளவும் வீண். கீதத்தின் கடைசிச் சொல் முடியும் நொடியில் நான்கு போர் விமானங்கள் மைதானத்தின் மேலே பாய்ந்து செல்கின்றனவே, அது தற்செயலாக அமைவதில்லை. பாடகர் ஒத்திகையில் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறார் என்று முன்பே அளந்துவைத்திருப்பார்கள். சில மைல்களுக்கு அப்பால் விமானங்கள் வட்டமிட்டுக் காத்திருக்கும். மைதானத்தில் வானொலியோடு நிற்கும் ஒருவர், பாட்டு எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாடகர் ஒரு சுரத்தை இழுத்துவிட்டால் விமானிகள் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வேண்டும். போரில் குறித்த நொடியில் இலக்கின் மேல் இருப்பதற்குத் தேவைப்படும் அதே திறமைதான் இது. விமானிகள் எப்படியும் பறந்தாக வேண்டிய பயிற்சி மணிகளில் இது சேர்ந்துவிடுவதால் தனிச் செலவு இல்லை என்று விமானப்படை சொல்கிறது. பயிற்சி வரைக்கும் அது சரி. ஆனால் 2013-இல் அரசின் செலவு வெட்டு வந்தபோது இத்தகைய பறப்புகளை நிறுத்திவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பலன் கிடைத்ததா? நாஸ்கார் கார் பந்தயத்தில் ஒரு காரின் மேல் பெயர் எழுதுவதற்குத் தேசியக் காவல் படை 2012-இல் மட்டும் 2.65 கோடி டாலர் கொட்டியது. அந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்கள் 24,800 பேர். தகுதி பெற்றவர்கள் 20 பேர். சேர்ந்தவர்கள் பூஜ்யம்.

கைதட்டல் ஏன் கையெழுத்தாக மாறுவதில்லை என்பதற்கு ஒரு பாதி விளக்கம் கனடாவிலிருந்து கிடைக்கிறது. 2014-இல் வெளியான ஆய்வு அது. போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் பாப்பி மலரைச் சிலருக்குச் சட்டையில் குத்திவிட்டார்கள், சிலருக்கு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். சற்றுத் தள்ளி முன்னாள் வீரர்களுக்கு நன்கொடை கேட்டபோது, உறையில் வாங்கியவர்களே அதிகம் கொடுத்தார்கள். நாலு பேர் பார்க்க மரியாதை செலுத்திவிட்டால், கடமை முடிந்தது என்று மனம் கணக்கை மூடிவிடுகிறது போலும். மைதானத்து வணக்கத்துக்கும் இது பொருந்தும் என்பது என் ஊகம்.

அணிகளின் பக்கம் பணம் மட்டுமே காரணம் என்றால் அது அரைகுறை. 1918-இல் முதல் உலகப் போர் நடக்கும்போது அமெரிக்க அரசு 'உழை, இல்லையேல் போரிடு' என்று ஆணையிட்டது. பேஸ்பால் அத்தியாவசியத் தொழில் அல்ல என்றும் சொல்லிவிட்டது. திடகாத்திரமான வாலிபர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தடிப்பதா என்ற முணுமுணுப்பும் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிகாகோவில் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் ராணுவ இசைக்குழு, அப்போது இன்னும் அதிகாரபூர்வ தேசிய கீதமாகாத பாட்டை இசைத்தது. களத்தில் இருந்த பாஸ்டன் வீரர் ஃபிரெட் தாமஸ் கடற்படையிலிருந்து விடுப்பில் வந்தவர். விறைத்து நின்று சல்யூட் அடித்தார். சோர்ந்து கிடந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. முதலாளிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. தொடர் பாஸ்டனுக்கு நகர்ந்தபோது பாட்டு ஆட்டத்தின் தொடக்கத்துக்கு வந்தது. தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளும் கவசமாகத் தொடங்கிய பழக்கம் இது.

பணம் எதிர்த்திசையில் ஓடிய ஓர் ஆட்டமும் நினைவுக்கு வருகிறது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் இந்திய கிரிக்கெட் அணி ராணுவத் தொப்பியோடு களமிறங்கியது. தொப்பிகளை வழங்கியவர், பிராந்திய ராணுவத்தின் கௌரவ லெப்டினன்ட் கர்னலான தோனி. வீரர்கள் தங்கள் ஆட்டச் சம்பளத்தைத் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். இங்கே கூலி வாங்கவில்லை; ஆனால் அரசியல் இல்லை என்று சொல்ல முடியாது, பாகிஸ்தான் வாரியம் ஐசிசியிடம் புகார் செய்தது.

அமெரிக்காவில் 2016 மே மாதம், தணிக்கைக்குப் பிறகு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 7,23,734 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. வீரர்களைக் கௌரவிப்பதற்கென்று அணிகளுக்குப் பணம் தரக்கூடாது என்று சட்டமும் வந்தது. ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே ராணுவம் ஓர் அணியிடம் இன்றும் விளம்பர இடம் வாங்கலாம். அதே அணி அதே மாலையில் இலவசமாக ஒரு வீரரைத் திரையில் காட்டி வணங்கலாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று திரையில் எங்கும் எழுதியிருப்பதில்லை.