புல்லுக்குள் படுத்தவன் எப்படிச் செத்தான்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, கடையை அடைக்கப்போகும் நேரம். மூன்றாம் படிவம் படிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா தோட்டத்திலிருந்து மோட்டாரில் வந்திறங்கினார். கண்ணாடி மேசைமேல் வைத்த கைப்பேசி சரியாக உட்காரவில்லை. ஓரத்தில் விரல் பட்டதும் பம்பரம் போல் சுற்றியது. முதுகு அவ்வளவு உப்பியிருந்தது. திரையில் மூலைக்கு மூலை விரிசல்.

"கோவத்துல சிமெண்டுத் தரையில வீசிட்டான் தம்பி. இனிமே இந்த துப்பாக்கி கேமே வராத மாதிரி பண்ணிக் குடுங்க."

பையன் தலை நிமிரவில்லை. "நான் புல்லுக்குள்ளதான் படுத்திருந்தேன் அண்ணே. அவ்வளவு தூரத்துல இருந்து எப்படிச் சுட்டான்னே தெரியல. போன் ஸ்லோ."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் எனக்கு இந்த வழக்கு புதிதில்லை. பிள்ளைகள் போனைத் திட்டுவார்கள், பெற்றோர் பிள்ளையைத் திட்டுவார்கள். அந்தப் பையன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவனைக் கொன்றது போன் இல்லை.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் மாதிரியான இந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஏன் இப்படி இழுக்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் உருவாக்கிய பப்ஜி 2017 மார்ச்சில் கணினிக்கு வந்தது. 100 பேர் விமானத்திலிருந்து வெறுங்கையோடு 8 கிலோமீட்டர் நீள அகலமுள்ள தீவில் குதிப்பார்கள். கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்க வேண்டும். சுற்றியுள்ள பாதுகாப்பு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் நிற்பவர் வென்றவர். அதே ஆண்டு வந்த ஃப்ரீ ஃபயர் ஆட்களை 50 ஆகக் குறைத்து, ஆட்டத்தைப் பத்து நிமிட அளவுக்குச் சுருக்கி, விலை குறைந்த போனிலும் ஓடுகிற மாதிரி வந்தது. தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் அது நுழைந்த வழி அதுதான்.

கோலாலம்பூர் பையனும் தோட்டத்துப் பையனும் ஒரே விமானத்தில், ஒரே வெறுங்கையோடு குதிக்கிறார்கள். நிஜத்தில் அப்படி ஒரு தொடக்கம் இவர்களுக்கு எங்கே கிடைக்கிறது? நால்வர் அணியாகச் சேர்ந்தால், தாமான் குடியிருப்புக்குக் குடிபோன பழைய கூட்டாளியின் குரலும் இரவில் காதில் கேட்கிறது. 99 பேர் தோற்கிற ஆட்டத்தில் தோற்பது அவமானமும் இல்லை, உடனே அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. கைப்பேசி ஆட்டங்களில் புதியவர்களுக்கு எதிரே கணினியே இயக்கும் பொம்மை ஆட்களை நிறைய விடுவார்கள். முதல் நாளே வெற்றி கிடைக்கும். 'எனக்கு இது நல்லா வருது' என்று பிள்ளை நம்புவது அங்கேதான்.

இனி அந்தப் புல். தூரத்தில் உள்ள புல்லை ஒவ்வொன்றாக வரைந்தால் எந்தப் போனும் திணறும். அதனால் இவ்வகை ஆட்டங்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் புல்லை வரைவதே இல்லை, ஆளை மட்டும் வரைவார்கள். பையன் திரையில் அவனைச் சுற்றி இடுப்புயரப் புல். எட்டத்தில் குறிபார்த்தவன் திரையில் மொட்டைத் தரையில் குப்புறக் கிடக்கும் ஓர் ஆள். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியதும் பையன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் சாகிறோம் என்ற புகாரும் உண்மைதான். நாம் நகர்ந்த செய்தி, ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வருக்குப் போய், அங்கிருந்து எதிரியின் போனுக்குப் போக நேரம் பிடிக்கும். வினாடிக்கு 6 மீட்டர் ஓடுகிற ஆள் 150 மில்லிவினாடியில் ஏறக்குறைய 1 மீட்டர் கடந்துவிடுவான். எதிரி பார்ப்பது அந்த 1 மீட்டருக்கு முந்தைய நம்மை. சுட்டவன் திரையில் பட்டிருந்தால் பட்டதாகவே பல ஆட்டங்கள் கணக்கு வைக்கின்றன. 1,500 வெள்ளிக்குத் தவணையில் புதுப் போன் வாங்கினாலும் இந்த இரண்டும் மாறாது. வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து வருந்திய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

போன் மேல் சந்தேகம் இருந்தால் செலவில்லாமல் பார்க்க வழி உண்டு. முதல் ஆட்டம் வழுவழுப்பாக ஓடி மூன்றாவதில் இழுத்தால் அது சூடு. சில்லு கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எல்லாரும் இணையத்தில் இருக்கும் இரவு வேளையில் மட்டும் இழுத்து, திரை மூலையில் செய்தி போய்வரும் நேரத்தைக் காட்டும் பிங் எண் எகிறினால் அது இணைய லைன். வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு லைனில் இருக்கும் நாலு கூட்டாளிகளும் ஒரே நொடியில் உறைந்து நின்றால் சர்வர்.

எனக்குப் பயமெல்லாம் சூடுதான். நம் வீடுகளில் தகரக் கூரை. மத்தியானத்தில் சார்ஜில் செருகியபடியே, தலையணைமேல் வைத்து விளையாடுகிறார்கள். சார்ஜ் ஏறும் சூடு, ஆட்டத்தின் சூடு, கூரைச் சூடு மூன்றும் சேர்ந்து பேட்டரிக்குள் வாயுவை உண்டாக்கும். அதுதான் உப்பல். உப்பிய போனை அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, கடைக்குக் கொண்டுவாருங்கள். எந்த நேரமானாலும் நான் பார்ப்பேன்.

சுவரைத் தாண்டிப் பார்க்கலாம், குறி தப்பாது என்று சொல்லிப் பரப்பப்படும் செயலிகளையும் பிள்ளைகள் இறக்குகிறார்கள். அவற்றில் பல கடவுச்சொல்லைத் திருடுபவை. அம்மாவின் வங்கிச் செயலியும் அதே போனில்தானே இருக்கிறது?

அந்த அம்மாவிடம், "விளையாட்டை அழிக்க வேண்டாம் அக்கா, சார்ஜர் மட்டும் உங்க கையில இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பேட்டரியும் திரையும் மாற்றச் சொன்னார். மறுவாரம் போனை வாங்க வந்த பையன் புறப்படும்போது கதவருகே நின்று, "அப்ப பாறைக்குப் பின்னால படுத்தா, அவன் திரையிலயும் பாறை இருக்கும்ல அண்ணே?" என்று கேட்டான். இருக்கும் என்றேன்.